ஆற்றோர வயலுக்கு எந்தக் கரை: கல்லா, புல்லா?

செட்டிநாட்டு ஆறுகளில் வருஷத்தின் பெரும்பகுதி தண்ணீர் இருக்காது. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, சருகணியாறு எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் கரை தொட்டு ஓடும். தை தாண்டினால் மணலும் சீமைக்கருவேலும்தான். அந்தச் சில நாளில்தான் வயலோரக் கரை அறுபடுகிறது. கண்மாயிலிருந்தும் மடுவிலிருந்தும் அயிரை, கெளுத்தி, குரவை, விரால் எல்லாம் எதிரேறுவதும் அதே நாட்களில்தான். கரையை எதைக்கொண்டு பலப்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே மீன் அங்கே தங்குவதும் தங்காததும்.

கரை அறுபடுகிற வயல்காரர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கருங்கல் சுவர் அல்லது கம்பிவலைக் கல்பெட்டி; குறுக்கே தடுப்பணை; கரையைச் சரிவாக்கிப் புல்லும் மரமும் வைத்து, வரப்பைப் பின்னுக்குத் தள்ளுவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. கீழே எழுதியிருப்பதில் அந்தச் சாய்வு இருக்கும்.

தடுப்பணையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். கிணற்றில் நீர் ஏறும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கரை அரிப்புக்கு அது மருந்து இல்லை. பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் வெள்ளம் சுற்றிக்கொண்டு போய்ப் புதிதாக ஒரு கரையை அறுக்கும். நேர்குத்தாக ஒரு மீட்டர் விழும் நீரில் அயிரை ஏறாது. ஏற்கெனவே அணை இருக்கிற இடத்தில், கீழ்ப்பக்கம் ஒரு ஓரமாகப் பெரிய கல்லைப் போட்டு 1-க்கு 20 சரிவில் (ஒரு மீட்டர் இறங்க இருபது மீட்டர் நீளம்) தண்ணீர் வழிந்திறங்கும்படி செய்தால் சின்ன மீனும் ஏறும்.

கல்லின் பலம் எல்லாருக்கும் தெரியும்: நிலம் போகாது, ஒரே கோடையில் வேலை முடியும். வெளிவளைவில், அதாவது ஓட்டம் நேராக வந்து மோதுகிற இடத்தில், பத்தடி தள்ளி ரோடோ வீடோ இருந்தால் யோசிக்காமல் கல்லே போடுங்கள். ஆனால் அடிவாரக் குழி ஆற்றுப் படுகைக்குக் கீழே ஒரு மீட்டராவது போக வேண்டும். இங்கே விழுகிற சுவர்களில் பெரும்பாலானவை மேலே உடைவதில்லை. அடிமணல் போய், முன்னால் சாய்கின்றன. இன்னொரு காரணம், வெள்ளம் சட்டென்று வடியும்போது பின்பக்க மண்ணில் தேங்கிய நீர் சுவரைத் தள்ளுவது. கசிவுத் துளையும் அதற்குப் பின்னால் சரளை வடிகட்டியும் இல்லாத சுவருக்கு இரண்டு மழைக்காலம் தாண்டுவதே பெரிது. கையருகே கிடைக்கிறதே என்று செம்புராங்கல்லைப் பெட்டியில் நிரப்பாதீர்கள். துளைகள் நிறைந்த லேசான கல் அது, ஓட்டத்தில் உருண்டு தேயும். சருகணியாற்றின் கடைமடைப் பக்கம் உப்பு ஏறிய மண் இருந்தால் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கல்லில் மோதித் திரும்பும் ஓட்டம் எதிர்க்கரையை அறுக்கும். எதிர்க்கரை வயல்காரர் உங்கள் பங்காளியாக இருந்தால் அது வேறு வழக்கு.

மீனுக்கு அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை. விரால் கரையோரம் புல் மூழ்கிய ஆழமில்லாத நீரில்தான் முட்டையிட்டுக் குஞ்சைக் காக்கும். கெளுத்தி வேர்ப்பொந்தில் ஒதுங்கும். நேர்ச்சுவரில் ஒதுங்க இடமில்லாததால் ஓட்டம் குஞ்சை அப்படியே அடித்துக்கொண்டு போகும்.

இனி மூன்றாவது வழி. இரண்டு மீட்டர் உயரச் செங்குத்துக் கரையை 1-க்கு 2 சரிவாக்கினால் மேல்விளிம்பு நான்கு மீட்டர் உள்ளே வரும். அதற்குப் பின்னால் ஆறு மீட்டர் வெள்ளம் ஏறி இறங்கும் பட்டை, பிறகு வரப்பு. ஆக வயலில் பத்து மீட்டர் போகும். 100 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 25 சென்ட். இந்த 25 சென்டுக்கு மனம் ஒப்பாதவர் இந்த வழிக்கு வர வேண்டாம். பாதி அகலத்தில் செய்தால் வரப்பையே வெள்ளம் எடுத்துவிடும். வெட்டுகிற மண் 100 மீட்டருக்கு 400 கன மீட்டர், அதாவது இரண்டு யூனிட் (200 கன அடி) டிப்பரில் 70 நடை. அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான உயரத்தில் வரப்புப் போட 90 கன மீட்டர் போதும். மீதிக்கு முன்கூட்டியே இடம் பாருங்கள். புல வரைபடத்தை வைத்து அளந்து, பட்டா எது, ஆற்றுப் புறம்போக்கு எது என்று கல் நட்ட பிறகே ஜேசிபி இறங்க வேண்டும். புறம்போக்கில் கை வைக்க நீர்வளத்துறை அனுமதி தேவை. அனுமதி இல்லாமல் மண்ணை வெளியே ஏற்றினால் வண்டியோடு பிடிபடும்.

சரிவின் அடியில் ஒரு வரிசை நாணல், அதற்கு மேல் மீட்டருக்கு ஒன்றாக நான்கு வரிசை வெட்டிவேர். நாற்றுக்கு நாற்று 15 செ.மீ. வைத்தால் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 2,700 நாற்று வேண்டும். வெட்டிவேர் நாற்றுக்குக் கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில் விசாரிக்கலாம், வேருக்காகவே அங்கே பயிரிடுகிறார்கள். மேல்சரிவில் கட்டைவிரல் பருமனில் ஒன்றரை அடி நொச்சிக் குச்சிகளை மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி சாய்த்துக் குத்துங்கள். பட்டையில் நீர்மருது, நாவல், புங்கம், ஐந்து மீட்டர் இடைவெளியில். வரப்பின் மேல் பனை தவிர வேறு மரம் வேண்டாம். பட்டுப்போன வேர் விட்ட பொந்து வழியாகத்தான் வரப்பு ஓட்டை விழும். வெட்டிவேர் நிழல் தாங்காது, அதனால் மரத்தைச் சரிவின் நடுவில் வைக்கக் கூடாது.

புல் பிடிக்கும்வரை மண்ணைக் காக்கத் தென்னைநார் வலை. சிங்கம்புணரி கயிற்றுத் தொழிலுக்குப் பேர் போன ஊர், அலைய வேண்டியதில்லை. மேல் ஓரத்தை ஓரடி ஆழச் சாலில் புதைத்து, மீட்டருக்கு ஒரு முளை அடித்து, வலையின் மேல்நீர்ப் பக்கத் துண்டு கீழ்நீர்ப் பக்கத் துண்டின் மேல் ஏறும்படி விரிக்க வேண்டும். மாற்றி விரித்தால் வெள்ளம் விளிம்பைத் தூக்கி மொத்தத்தையும் சுருட்டிவிடும்.

பட்டையின் தாழ்ந்த முனையில் பத்துக்கு ஆறு மீட்டரில் ஒரு மடு தோண்டினால்தான் மீன் கணக்கு முழுமையாகும். கோடையில் நாளுக்கு 5 முதல் 7 மி.மீ. ஆவியாகிற ஊர் இது. தை முதல் ஆனி வரை ஆவியாவதே ஒரு மீட்டருக்கு அருகில் வரும், கசிவு தனி. இரண்டு மீட்டருக்குக் குறைந்த மடு ஆடிக்குள் வற்றும். அடியில் செம்மண் சரளை தட்டினால் கண்மாய்க் களிமண்ணை ஒரு சாண் பரப்பி மிதித்து இறுக்குங்கள். மடுவின் வாய் ஓட்டத்துக்குக் கீழ்முகமாக இருக்க வேண்டும். மேல்முகமாக வைத்தால் முதல் வெள்ளத்திலேயே மணல் மூடும். பட்டை முழுவதும் 1-க்கு 100 வாட்டத்தில் மடுவை நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளம் வடியும்போது குஞ்சுகள் குட்டை குட்டையாகச் சிக்கிக் கொக்குக்கு இரையாகும். ஒன்று மட்டும்: திறந்த வாய்க்கு நல்ல மீன், கெட்ட மீன் தெரியாது. ஜிலேபியும் வரும், வளர்ப்புக்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி தப்பி வந்திருந்தால் அதுவும் வரும். கோடையில் நீர் குறைந்தபோது வலை போட்டு அவற்றை எடுப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் பிறகு எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது பராமரிப்பு, அதிலும் சீமைக்கருவேல்.

தொடக்கத்திலேயே தூரோடு எடுக்க வேண்டும். கரிமூட்டத்துக்கு விறகு எடுப்பவர் சந்தோஷமாக வெட்டிக்கொண்டு போவார், தூரை விட்டுவிட்டு. தரைமட்டத்தில் வெட்டிய தூர் அடுத்த மழைக்குப் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். தரைக்கு ஓரடி கீழே வேர்முண்டோடு தோண்டி எடுப்பது வரை அவர் பொறுப்பு என்று பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கரையையும் ஒரே வருஷத்தில் மொட்டையடிக்கவும் கூடாது. அந்த வேர்தான் இத்தனை நாள் மண்ணைப் பிடித்திருந்தது. இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி. வெட்டிய முள்ளை எரிக்காமல் பட்டையைச் சுற்றி வேலியாக அடுக்கினால் ஒரு வருஷம் ஆடு உள்ளே வராது. இரண்டாம் வருஷத்துக்கு மீதிப் பாதியை வெட்டும்போது கிடைக்கிற முள் இருக்கிறது.

ஆடு என்றால் வீட்டு ஆடு நாலைந்து மட்டுமில்லை. அறுப்பு முடிந்ததும் ஆட்டு மந்தை ஓட்டி வரும் கீதாரிகள், ராத்திரி வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள். வயலுக்கு அது உரம், இளம் பட்டைக்கு ஒரே ராத்திரியில் முடிவு. கிடை பேசும்போதே, “அண்ணே, ஆத்தோரம் ரெண்டு வருஷம் மட்டும் விட்டுருங்க” என்று சொல்லி, ஆடு தண்ணீருக்கு இறங்கப் பத்தடி அகலத்தில் ஒரு பாதையும் விட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். பாதை விடாமல் வேலி மட்டும் போட்டால் வேலி போகும். கருவேல நெற்று தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முளைக்கும் என்பதால், மார்கழி, தையில் ஈரம் இருக்கும்போது முழங்கால் உயரத்துக்குள் இருக்கிற கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். 100 மீட்டருக்கு இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. இதை இரண்டு வருஷம் விட்டால் ஜேசிபிதான், ஜேசிபி வந்தால் வெட்டிவேரும் சேர்ந்து போகும்.

இதே விதை கல் இடுக்கிலும் முளைக்கும். அங்கே பிடுங்க முடியாது, வெட்டினால் துளிர்க்கும், வேர் பருத்தால் கல்லைப் பிளக்கும். கல் சுவர் சில வருஷம் ஒரு பைசா கேட்காது. கேட்கும்போது கான்ட்ராக்டர், கிரஷர் லோடு, கொத்தனார் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும். புல்கரை முதல் இரண்டு வருஷம் ஆள் கேட்டுக்கொண்டே இருக்கும், மரம் மூடிய பிறகு வேலை குறையும். வெளியூரில் இருந்துகொண்டு பொங்கலுக்கு மட்டும் வந்து வயலைப் பார்ப்பவருக்கு, மனசில்லாமல்தான் சொல்கிறோம், கல்லே பொருந்தும். வெட்டிவேருக்கு விலை இருக்கிறது என்று யாராவது தோண்டி விற்றாலும் கரை அன்றோடு சரி. குத்தகைக்கு விட்டால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்று மீட்டருக்கு மேல் உயரமான கரைக்கு இந்தச் சரிவு தாங்குமா என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எங்களுக்கு இல்லை. அங்கே அடியில் ஒரு மீட்டர் கல், மேலே புல் என்று கலந்து செய்வது பாதுகாப்பு. காலம் மட்டும் எதற்கும் ஒன்றுதான். மண் வேலை ஆனிக்குள் முடிய வேண்டும், நாற்று ஆடிப்பெருக்கை ஒட்டி நட்டுக் கிணற்று நீர் ஊற்ற வேண்டும், ஐப்பசி வெள்ளத்துக்கு முன் வேர் பிடிக்க இரண்டு மாதமாவது கிடைக்க வேண்டும். ஆவணி பாதி தாண்டிவிட்டால் கரையை வெட்டாமல் அப்படியே விட்டு, அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.