விற்பதா, வைப்பதா? வடசென்னை வீடுகளில் பழைய காமிக்ஸ்

பழைய காமிக்ஸை என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். வடசென்னையில் முதலில் பார்க்க வேண்டியது பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகப் போகப் போக உப்புக்காற்று ஸ்டேப்ளர் பின்னைத் தின்றுவிடுகிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நேராக வாசல் வழியாகவே வரும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுவரில் ஓதம் ஏறி சுண்ணாம்பு பொரிந்திருக்கிறது, வேறு இடமும் இல்லை என்றால் விற்பதே அந்தப் புத்தகங்களுக்குச் செய்யும் நன்மை. பழைய காமிக்ஸ் அச்சான நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்த காகிதம். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி, ஓரத்திலிருந்து நொறுக்குகிறது. ஈரம் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகிறது.

இடம் இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, உங்கள் கையில் இருக்கும் இதழை யார் தேடுகிறார்கள் என்பது. வாங்குபவர்களில் இரண்டு வகை உண்டு. கதையைப் படிக்கத் தேடுபவர் ஒருவர், அந்தப் பிரதியையே தேடுபவர் இன்னொருவர். மறுபதிப்பு வந்த அன்றே முதலாமவர் போய்விடுவார். 2010-ல் கருப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்த லயன் காமிக்ஸின் ‘ரத்தப் படலம்’ கிடைக்காமல் அலைந்தவர்கள் ஏராளம். 2018-ல் வண்ணத் தொகுப்பு வந்ததும் கதைக்காகத் தேடியவர்களின் தேவை தீர்ந்துவிட்டது. 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி கதைகளும் இப்படித்தான் பலமுறை திரும்ப வந்துவிட்டன. எனவே மறுபதிப்பு கண்ட கதையின் நடுத்தரமான பழைய பிரதி இருந்தால் விற்றுவிடுங்கள், காத்திருந்து லாபமில்லை. அதே கதையின் முதல் பதிப்பு, அட்டையும் பின்னும் நன்றாக இருந்தால் கணக்கே வேறு. 1990-ல் நின்ற இந்திரஜால், 2005-ல் நின்ற ராணி காமிக்ஸ் போல, வரிசையே முடிந்துபோன இதழ்களில் அவசரம் வேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘மாயாவி புக் இருக்கு’ என்று மட்டும் எழுதி விற்க வந்தால் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொள்வார்கள். முத்துவில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர். ராணி காமிக்ஸிலோ முகமூடி வீரர் மாயாவி என்று வந்தவர், மற்ற இடங்களில் வேதாளர் என்று பெயர் பெற்றவர். பதிப்பகம், இதழ் எண், மாதம், வருடம், அட்டையில் அச்சிட்ட விலை ஆகிய ஐந்தும் இல்லாமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள்.

இனி வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எடைக்குப் போடுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, செய்யாதீர்கள். பழைய புத்தகக் கடைக்கு மொத்தமாகக் கொடுப்பது ஒரே நாளில் முடிகிற வேலை. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைகள் பெயர்ந்த அல்லிக்குளம் வளாகம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய் வருவது பெரிய அலைச்சல் இல்லை. ஆனால் கடைக்காரர் வாடகை கொடுத்து, மாதக்கணக்கில் அடுக்கிவைத்து விற்க வேண்டும், அதனால் அவர் சொல்லும் விலை குறைவாகத்தான் இருக்கும். அதைக் குறையாகச் சொல்ல முடியாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: நூறு இதழில் நல்ல பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உங்களிடமே விட்டுவிடுவார்கள். அந்தத் தொண்ணூறையும் பிறகு யாரும் தொடமாட்டார்கள். கொடுத்தால் முழு லாட்டாகக் கொடுங்கள், இல்லையென்றால் அந்தப் பத்தை நீங்களே முன்கூட்டிப் பிரித்து வையுங்கள்.

தனித்தனியாகச் சேகரிப்பாளர்களுக்கு விற்றால் பணம் கூடும், உழைப்பும் கூடும். ஒவ்வொரு இதழுக்கும் முன்னட்டை, பின்னட்டை, விலையும் மாதமும் தெரியும் பக்கம், பின் குத்திய நடுப்பக்கம் என்று நான்கு படம் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். பக்கங்களை விரலால் எண்ண வேண்டும். நடுத்தாள் ஒன்று கழன்று போயிருந்தால் நான்கு பக்கம் காணாமல் போயிருக்கும், புரட்டும்போது அது கண்ணில் படாது. புதிர், கூப்பன் வெட்டிய இடத்தையும் பாருங்கள், அதன் பின்பக்கத்துக் கதையும் சேர்ந்தே போயிருக்கும். விலை பார்க்கும்போது ஒருவர் கேட்கும் தொகையை நம்ப வேண்டாம், கைமாறிய தொகை எது என்று விசாரியுங்கள். அனுப்பும்போது இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, டேப் புத்தகத்தில் படாமல் ஒட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரட்டை பாலித்தீன் போட வேண்டும். இவ்வளவையும் நாற்பது இதழுக்குச் செய்யப் பொறுமை இருக்கிறதா என்று நேர்மையாக யோசியுங்கள்.

இதழுக்கு இதழ் மாற்றிக்கொள்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரட்டைப் பிரதி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. விற்றால் குறைந்த விலைக்கே போகும் இதழ்கூட, எதிராளிக்கு விட்டுப்போன ஒரே எண்ணாக இருந்தால் நல்ல இதழ் ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும்.

பைண்டிங் செய்த தொகுப்புகள்தான் இந்த விஷயத்தில் பெரிய சிக்கல். அந்தக் காலத்து வீடுகளில் இருபது இதழைச் சேர்த்துக் காலிகோ துணி போட்டுத் தைத்து வைத்தார்கள். படிப்பதற்குப் பத்திரம்தான், ஆனால் தைத்த பிறகு பைண்டர் மூன்று பக்கமும் கத்தி போட்டுச் சமப்படுத்துவார். ஒரு தொகுப்பைத் திறந்து வெளி ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள்: பேச்சுக் குமிழியில் கடைசி எழுத்து பாதியில் நிற்கும், பக்க எண்ணின் தலை போயிருக்கும். உள்பக்கம் தையல் இரண்டு மூன்று சொற்களை விழுங்கியிருக்கும். அட்டைகள் உள்ளே இருக்கின்றனவா, கிழித்துவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும். தனித்தனியாக விற்கலாம் என்று ஆசைப்பட்டு அதைப் பிரிக்கவே கூடாது. பசை தடவிய முதுகு தாளோடு சேர்ந்து உரியும், வெட்டிய ஓரமும் திரும்ப வராது. தொகுப்பைத் தொகுப்பாகவே, படிக்க விரும்புகிறவருக்கு விற்பதுதான் முறை. அட்டையெல்லாம் இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். நெருக்கமாகத் தைத்த தாள்களுக்குள் காற்றும் வெளிச்சமும் அவ்வளவாகப் புகுவதில்லை, அதனால் உதிரி இதழ்களை விட இவை நன்றாகத் தாங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் அதற்கு வருடத்தில் மூன்று நாலு நாள் வேலை உண்டு. மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் லாஃப்ட் வேண்டாம், வெயிலில் கொதிக்கும், மழையில் ஒழுகும். தரையும் வேண்டாம். இரும்பு பீரோவின் நடுத்தட்டு, தரையிலிருந்து நான்கடி உயரம், சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி, குளியலறைச் சுவரை ஒட்டாத இடம், இவை போதும். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பாலிப்ரொப்பிலீன் கவர் போடுங்கள். பிவிசி கவர் காலப்போக்கில் பிசுபிசுத்து அட்டை மையைப் பிடித்துக்கொள்ளும். முதுகுக்கு வைக்கும் அட்டையை ஆண்டர்சன் தெருக் கடைகளில் வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள். மறுசுழற்சி சாம்பல் அட்டை தானே அமிலத்தைக் கசியவிடும். பெட்டிக்கு 50 கிராம் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் உலர்த்த வேண்டும். பெட்டி இறுக மூடாவிட்டால் ஜெல் ஊர் ஈரத்தையெல்லாம் குடித்து ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடும். ஈரமானி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். 50-55 சதவீதம் நல்லது, 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி.

துருப்பிடித்த பின்னை அட்டைப் பக்கமிருந்து இழுத்தால் துளையோடு தாளும் வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய தட்டைக் கத்தியால் இரண்டு காலையும் நிமிர்த்தி, உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். அதே துளைகளில் பருத்தி நூல் கோத்தால் போதும், புதுப் பின் குத்த வேண்டாம். விற்கும்போது இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் திரும்ப வராத தவறுகள். பூச்சி தெரிந்தால் இரண்டு கவரில் இறுக மூடி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த பிறகு ஒரு முழு நாள் பிரிக்காமல் விடுங்கள். முன்னதாகப் பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின் மேலேயே வியர்த்துப் படியும்.

ஸ்கேன் எடுத்துவிட்டு விற்கலாமா என்றால், சொந்தப் படிப்புக்கு எடுத்து வையுங்கள். அந்த ஸ்கேனை விற்பதோ பரப்புவதோ பதிப்பாளரின் வயிற்றில் அடிப்பது. லயன், முத்து இன்றும் சிவகாசியிலிருந்து வந்துகொண்டிருக்கும் இதழ்கள், அவை நின்றால் நமக்குத்தான் நட்டம்.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். உள்ளே எத்தனை இதழ், எந்த எண்கள், யாரிடம் கேட்டால் விலை தெரியும் என்று மூன்று வரி எழுதினால் போதும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டைச் சுத்தம் செய்பவர் முதலில் அதைத்தான் படிப்பார்.