கேடயம் உடையட்டும்: ஒரு வீட்டு விதியுடன் எங்கள் அனுபவம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், கேடயம் கவச எண்ணை (அடி பட எதிரியின் பகடை எட்ட வேண்டிய எண்) 2 கூட்டும், அவ்வளவுதான். இருபது முகப் பகடையில் எதிரிக்குச் சாதகமான முகங்கள் இரண்டு குறையும். பலன் நல்ல பலன்தான். ஆனால் கதாபாத்திரத் தாளில் எண்ணை எழுதிய பிறகு, கையில் கேடயம் இருப்பதையே ஆடுபவர் மறந்துவிடுகிறார்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் குழு, புத்தகத்தில் இல்லாத, பழைய ஆட்டக்காரர்களிடம் புழங்கும் வீட்டு விதி ஒன்றை வெகுநாட்களாகப் பின்பற்றுகிறது. அடி பட்டதும் கேடயத்தைப் பலிகொடுக்கலாம். கேடயம் நொறுங்கும், உடம்பில் கீறல் விழாது.

இதில் இரண்டு திருத்தங்கள் அவசியம். அடியின் அளவைச் சொல்லும் சேதப் பகடை உருளும் முன்பே முடிவைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பெரிய அடிக்காகக் காத்திருப்பார்கள். எதிரியின் பகடையில் உச்ச எண்ணான 20 விழுந்தால் கேடயம் பாதிச் சேதத்தைத்தான் தாங்கும். அந்தப் பயம் போய்விட்டால் சண்டையில் என்ன இருக்கிறது?

ஒவ்வொருவர் முன்னும் அடையாளத்துக்கு ஒரு தட்டுவடை இருக்கும். கேடயம் போனால் உடைத்துத் தின்றுவிட வேண்டும். தாள் பாழாகும் என்பதால் சட்னிக்கு அனுமதி இல்லை. எங்களில் இளையவன் கோபால்ட் என்ற குட்டி அரக்கனின் சில்லறை அடிக்கே, “அண்ணா, உடைத்துக்கொள்கிறேன்” என்று கையை நீட்டிவிட்டான். உருட்டிப் பார்த்தால் சேதம் 1. பசி நேரத்தில் இந்த ஏற்பாடு வேண்டாம்.

கேடயத்தின் விலை 10 தங்கக் காசு. நாலைந்து நிலை ஏறியவர்களுக்கு அது காசே அல்ல. மூட்டை கட்டி வாங்கி வந்தார்கள். முதுகில் மாற்றுக் கேடயம் ஒன்றுதான் என்று கட்டுப்படுத்தினோம். அதை மாட்ட அந்தச் சுற்றின் செயல் செலவாகும். இது புத்தகத்திலேயே உள்ள விதி. கேடயத்தைப் பலிகொடுக்கும் சலுகை எதிரிகளில் தலைவனுக்கு மட்டுமே. கோப்ளின் என்ற சில்லறை அரக்கர்கள் எல்லோருக்கும் கொடுத்தபோது சண்டை இழுத்துக்கொண்டே போனது.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பையும் ஆடிப் பார்த்தோம். அதில் எஃகுக் கேடயத்துக்குக் கடினம் (ஒவ்வொரு அடியிலும் கழிக்கும் சேதம்) 5, உயிர்ப் புள்ளி 20. அது 10க்கு இறங்கினால் பழுது. கேடயத்தைத் தூக்கிப் பிடிக்கவே முறைதோறும் ஒரு செயல் வேண்டும். உருக்காலை ஊர்க்காரர்களுக்குப் பிடித்திருக்க வேண்டிய நுணுக்கம். எனக்கோ கணக்குப்பிள்ளை வேலையாகத் தெரிந்தது.

மந்திரக் கேடயம்தான் இன்னும் இடிக்கிறது. அதையும் உடைக்கலாம் என்று விட்டிருக்கிறோம். விளைவு, அரும்பாடுபட்டு வென்ற கேடயத்தை முதுகில் பத்திரமாக மாட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய சாதாரணக் கேடயத்தோடு சண்டைக்கு வருகிறார் எங்கள் போர்வீரர்.