க்யூட்டில் ஒரு விட்ஜெட் தெரிகிறதா என்று கேட்டால்

செயலிகளின் திரைகளை அமைக்க உதவும் க்யூட் (Qt) என்ற கருவித்தொகுப்பை, அதைப் பைதான் மொழியில் பயன்படுத்த உதவும் பைசைட் வழியாக இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். பெரும்பாலும் தகவல் பதியும் ஃபார்ம்கள்தான். அதில் ஒரு விட்ஜெட் (பட்டன், லேபிள் போன்ற திரை உறுப்பு) தெரிகிறதா என்று கேட்டறியும் வசதியைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். என்னை மிகவும் அலையவைத்தது அதுதான். இப்போது மிகவும் பிடித்திருப்பதும் அதுதான்.

என் ஃபார்மில் மூன்று டேப்கள். இரண்டாவதில் தேதி தவறாக இருந்தால் சிவப்பு எழுத்தில் ஒரு லேபிள் வரும். சேமிக்கும் பட்டனை அழுத்தியதும் அந்த லேபிளிடம், தெரிகிறாயா என்று இஸ்விசிபிள் (isVisible) மூலம் கேட்பேன். ஆம் என்றால் சேமிக்க விடமாட்டேன். நான் இரண்டாவது டேபில் இருந்தபடியே சோதித்ததால் எல்லாம் சரியாக இருந்தது. பயன்படுத்தியவர் முதல் டேபுக்குத் திரும்பி வந்து சேமித்தார். தவறான தேதி அப்படியே உள்ளே போய்விட்டது.

டேப் மாறும்போது க்யூட் முந்தைய பக்கத்தை மறைத்துவிடுகிறது. இஸ்விசிபிள் லேபிளோடு நிற்காமல், அதன் பெற்றோர் (அதைத் தன்னுள் வைத்திருக்கும் விட்ஜெட்), பெற்றோரின் பெற்றோர் என்று விண்டோ வரை ஏறிப் பார்க்கும். நடுவில் ஒன்று மறைந்திருந்தாலும் பதில் இல்லைதான். இந்த லேபிளையே மறைத்திருக்கிறதா என்று அறிய இஸ்ஹிடன் இருக்கிறது. என் லேபிளுக்கு அந்த நேரத்தில் இரண்டுமே பொய் என்றுதான் வரும்! இரண்டும் எதிரெதிர் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. (சேமிக்கும் முன் தேதியையே சோதிப்பதுதான் முறை. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.)

நிரலின் சிறு பகுதிகளைத் தானாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதும்போதும் இதே சிக்கல் வரும். விண்டோவைத் திறக்காமலே டெஸ்ட் ஓடினால், லேபிளைக் காட்டச் சொன்ன பிறகும் இஸ்விசிபிள் இல்லை என்றே சொல்லும். அங்கே கைகொடுப்பது இஸ்விசிபிள்டூ. லேபிள் இருக்கும் பக்கத்தை அதற்குக் கொடுத்தால், அந்தப் பக்கம் திறக்கும்போது லேபிள் தெரியுமா என்று சொல்லிவிடும். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

ஸ்க்ரோல் செய்து கீழே போய்விட்ட விட்ஜெட்டையும் இஸ்விசிபிள் தெரிவதாகவே கணக்கு வைக்கும். அதற்கு, விட்ஜெட்டின் மறையாத பகுதியைத் தரும் விசிபிள்ரீஜன் கேட்டு, அது காலியா என்று பார்க்க வேண்டும். அப்புறம், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவில் புதிதாக ஒரு குழந்தை விட்ஜெட்டைச் சேர்த்தால் அதற்கு நாமே ஷோ சொல்ல வேண்டும்.

ஒரு குறை உண்டு. விண்டோவை மினிமைஸ் செய்தாலும் இஸ்விசிபிள் ஆம் என்றே சொல்லும். வேறு விண்டோ முழுவதுமாக மூடியிருந்தாலும் அப்படித்தான். நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் என் வரைபடத்தை நிறுத்த இஸ்மினிமைஸ்டு தனியாகக் கேட்கிறேன். மற்றொரு விண்டோவுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும், பார்க்க ஆள் இல்லாமலே அது இன்னும் வரைந்துகொண்டிருக்கிறது.