மலைக்குளத்து மரப்படகு: கையால் சரிபண்ணி, சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

மரப்படகைப் புதுப்பிப்பது பற்றிப் படித்தால் பெரும்பாலும் கடல் படகைப் பற்றித்தான் இருக்கும். நல்ல தண்ணீரில், அதுவும் மலையில் கிடக்கும் படகின் கதை வேறு. நம்முடையது ஏற்காட்டில் மாமாவின் காபி எஸ்டேட் குளத்துக்கென்று என்றைக்கோ செய்த சின்ன துடுப்புப் படகு, நாலு பேர் உட்காரலாம், தேக்குப் பலகை. பல வருஷம் ஷெட்டில் கவிழ்ந்து கிடந்ததை எடுத்துக் கையாலேயே சரிபண்ணி, இப்போது சில மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்லும் அளவுக்கு ஓடியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முக்கியமானது. மரத்தைக் குடையும் கடல் புழு நல்ல தண்ணீரில் கிடையாது, ஆனால் கடல் உப்பு மரத்துக்குத் தரும் பாதுகாப்பும் கிடையாது. மரத்தில் ஈரம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி கிடைத்துவிடுகிறது. குளத்துத் தண்ணீரில் மூழ்கியே இருக்கும் அடிப்பலகை நன்றாகத்தான் இருக்கும். மேலிருந்து பெய்கிற மழையும் பனிமூட்டமும் உள்மூலைகளில் தேங்கி, காற்றும் இல்லாமல் நிற்கிற இடத்தில்தான் படகு சாகிறது. படகு வாங்கப் போகிறவர்கள் அடியைத் தட்டிப் பார்ப்பதை விட, பின்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள்.

எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் பக்கவாட்டில் ஃபைபர் ஒட்டு போட்டிருந்தார். பார்க்க வழவழவென்று அழகாக இருந்தது. அதை உளியால் கிளப்பியபோது உள்ளே பலகை வறண்ட ஏரி மண் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, பழுப்பேறி, விரலால் நசுக்கினால் தூளாகிற நிலையில் இருந்தது. ஃபைபர் வெளித் தண்ணீரைத் தடுத்தது உண்மை, உள்ளே போன ஈரம் வெளியே வரவும் விடவில்லை. பலகை பலகையாக அடித்த பழைய படகின் மேல் ஃபைபர் போர்த்தலாம் என்று இன்றும் பட்டறைகளில் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் வேண்டாம். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஃபைபர் அசையாது. இரண்டும் எத்தனை நாள் ஒட்டியிருக்கும்?

மாற்றுப் பலகைக்குப் புதுத் தேக்கு வாங்கவில்லை. சேலத்தில் பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் உத்தரம், நிலை என்று நன்றாக ஆறின தேக்கு கிடைக்கிறது, ஆணி ஓட்டையைத் தவிர்த்து அறுத்துக்கொண்டால் போதும். பலகை நீளம் பற்றாத இடத்தில் இரண்டை ஒட்டினோம். தடிமனுக்கு எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து, எபாக்சி என்கிற இரண்டு பொருளைக் கலந்து இறுகவைக்கும் பசை வைத்தது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பிடிக்காது. அந்த ஒட்டுகள் இன்றுவரை ஒன்றுகூட விடவில்லை. எபாக்சிக்கு நான் எதிரி இல்லை, அதற்குரிய இடத்தில் அது அருமையான பொருள். ஒரே நிபந்தனை, வெயில் படாமல் மேலே பெயின்ட் இருக்க வேண்டும்.

எஸ்டேட் முழுக்க சில்வர் ஓக் நிற்கும்போது காசு கொடுத்து மரம் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். காபிக்கு நிழலுக்கும் மிளகுக்கொடி ஏறவும் நட்ட ஆஸ்திரேலிய மரம் அது, ஈரத்தில் நிற்காது. உட்காரும் பலகைக்கு மட்டும் போட்டோம்.

ஆணி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய இரும்பாணி இருந்த இடமெல்லாம் மரம் கறுத்து, ஓட்டை பெரிதாகி, ஆணி கையோடு வந்தது. சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கா பஞ்சம், ஆனால் காற்றுப் படாத ஈர மரத்துக்குள் அதுவும் இடுக்கில் அரிக்கும். படகுக்கான செம்பாணி கடைகளில் கிடைக்கவில்லை. கடைசியில் எலக்ட்ரிக் கடையில் எர்த்துக்கு விற்கும் 8 கேஜ் செம்புக் கம்பி, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கனம், அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு முனையைத் தட்டித் தலையாக்கி, மறுபக்கம் செம்பு வாஷர் போட்டு ரிவிட் அடித்தோம். தட்டத் தட்டச் செம்பு இறுகிக்கொண்டே வரும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் எஃகு இறுகும், செம்பு இளகும். எனவே ஒவ்வொரு துண்டையும் அடுப்பில் காட்டி எடுத்துத்தான் அடித்தது. ஒருவர் வெளியே கனமான இரும்பைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே தட்ட வேண்டும், தனியாக ஆகாது. இந்தப் படகில் நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான். பச்சை பிடித்திருக்கிறது, அசைவு இல்லை.

பலகை இடுக்கை அடைக்கப் பஞ்சு. கடலோரத்தில் செய்கிற மாதிரியே பஞ்சும், குங்கிலியம் என்கிற மரப்பிசினும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: நூற்பாலைகளில் ஸ்லைவர் என்கிற, இன்னும் முறுக்கேறாத பருத்திக் கற்றை. தேவையான கனத்துக்குப் பிரித்து லேசாகத் திரித்துக்கொள்ளலாம். மழுங்கிய உளியும் கொட்டாப்புளியும் வைத்து இடுக்கில் இறக்க வேண்டும். உதவிக்கு வந்த ஆசாரி படகே செய்தவர் இல்லை, ஆனாலும் காது நல்ல காது. "டப்டப்புனு வர்ற சத்தம் டங்குன்னு மாறுச்சுன்னா அதோட விட்டுருங்க தம்பி" என்றார். அதற்கு மேல் இறுக்கினால், தண்ணீரில் பலகை உப்பும்போது விலாச்சட்டத்திலிருந்தே பலகையைத் தள்ளிவிடும். மேலே, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். எண்ணெய் குறைந்தால் வெயிலில் சில்லு சில்லாக உதிர்கிறது, கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். காய்ச்சுவதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய் பற்றி எல்லோரும் புகழ்வார்கள். சேலத்து வெயிலில் இருக்கும் மரச்சாமானுக்குச் சரி. 1500 மீட்டர் உயரத்தில், வாரக்கணக்கில் பனிமூட்டம் இறங்கும் இடத்தில், வெறும் லின்சீட் பூசிய உள்பக்கம் முதல் மழைக்காலத்திலேயே கரும்பூசணம் பிடித்தது. சுரண்டிவிட்டு, போராக்ஸும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து அடித்து, நன்கு காயவிட்டு சாதாரண எனாமல் பெயின்ட் அடித்தோம். வார்னிஷ் கொள்ளை அழகு, ஆனால் வருஷம் தவறாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப அடிக்க மனசு இருந்தால் மட்டும். அப்புறம், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடாகிப் பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பராமரிப்பில் கஷ்டமான காலம் மழை இல்லை, மாசியிலிருந்து சித்திரை வரைதான். குளம் வற்றும், படகு கரையேறும், பலகை சுருங்கி இடுக்கு தெரியும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் பஞ்சு அடைக்கக் கூடாது. தண்ணீரில் விடுவதற்குச் சில நாள் முன்னதாக உள்ளே ஈரச்சாக்கு பரப்பி நனைத்துக்கொண்டே இருந்தால் பலகை உப்பித் தானாக மூடிக்கொள்கிறது. உள்ளே தண்ணீரை நிரப்பி வைப்பவர்களும் உண்டு, அந்த எடையை வெளியே தாங்க ஒன்றுமில்லாதபோது சட்டங்கள்தான் வாங்கிக்கொள்ளும், வேண்டாம். மழைக்காலத்தில் ஓட்டாத நாளெல்லாம் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்திக் கவிழ்த்து வைக்கிறோம். தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுவதைவிட இது நூறு மடங்கு மேல்.

போன மாதம் பார்த்ததில் பின்பலகையின் இடது மூலை ஸ்க்ரூடிரைவருக்கு லேசாக இடம் கொடுக்கிறது. ரிவிட் தலையைச் சீவி, அந்த ஒரு பலகையை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம், ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பழைய மரக்கடையில் ஒரு ஜன்னல் நிலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.