பென்சாயிக் அமிலம் 252-ல் உருகுமா? லேப் வகுப்பில் பப்கெம்

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரிம வேதியியல் லேப் எடுக்கிறேன். கொடுத்த சேர்மம் இன்னதென்று கண்டுபிடித்ததும் அதன் உருகுநிலை, கொதிநிலை, கரைதிறன், அபாயக் குறியீடுகள் எல்லாவற்றையும் தேடி ரெக்கார்டில் எழுத வேண்டும். அதற்கு நான் பழக்கிவிடுவது பப்கெம் தளத்தை. அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் 2004-ல் தொடங்கியது. பத்து கோடிக்கு மேல் சேர்மங்கள் இருக்கின்றன. காசு கிடையாது, லாகின் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

பெயரைப் போட்டுத் தேட முதல் நாள் விடமாட்டேன். ஒரு எழுத்து மாறினால் வேறு சேர்மத்தில் போய் நிற்பார்கள். பாட்டில் லேபிளில் இருக்கும் சிஏஎஸ் எண்ணைத்தான், அதாவது ஒவ்வொரு சேர்மத்துக்கும் உள்ள தனி அடையாள எண்ணைத்தான், போடச் சொல்வேன். பென்சாயிக் அமிலத்துக்கு 65-85-0. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். மீதி நான்கையும் வலமிருந்து 1, 2, 3, 4 ஆல் பெருக்கினால் 5, 16, 15, 24. கூட்டினால் 60. அதன் கடைசி இலக்கம் 0, சரிபார்ப்பு எண்ணும் 0. போர்டில் இதைப் போட்டதும் ஆளாளுக்கு அலமாரியில் இருந்த பாட்டில்களை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் ஒரு மாணவனின் ரெக்கார்டில் பென்சாயிக் அமிலத்தின் உருகுநிலை 252, கொதிநிலை 249 என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்தான் முதலில் கவனித்தாள். "மேம், உருகுறதுக்கு முன்னாடியே கொதிச்சிடுதே?" திரையைத் திறந்து பார்த்தோம். 252-க்குப் பக்கத்தில் ஃபாரன்ஹீட் என்று இருந்தது. செல்சியஸில் அது 122. 249 மட்டும் செல்சியஸ். அலகைப் பார்க்க நான் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இப்போது ரெக்கார்டில் மதிப்பு, அலகு, மூலம் என்று மூன்று கட்டம் போடவைக்கிறேன்.

இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே அந்த மூலம்தான். ஒரே பண்புக்கு நாலைந்து மதிப்பு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கீழேயே போட்டிருப்பார்கள். எதை எடுப்பது, ஏன் என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள். கணினி கணக்கிட்ட பண்புகள் தனிப் பகுதி, சோதனையில் அளந்தவை தனிப் பகுதி. இந்தப் பிரிவையும் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

சின்னமிக் அமிலம் தேடும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதே அணுக்கள் வேறு விதமாக அமைந்த இரண்டு வடிவங்கள் அதற்கு உண்டு. டிரான்ஸ் வடிவம் 133 டிகிரி செல்சியஸில் உருகும், சிஸ் 68-ல். வடிவத்துக்கு ஒரு பக்கம் என்பதால் மேலே இருக்கும் படத்தைப் பார்க்காமல் எண்ணை எடுக்கக் கூடாது. யூரியாவுக்கும் அதே 133 தான். அங்கே தளம் கைகொடுக்காது. கையில் இருப்பதைத் தெரிந்த சின்னமிக் அமிலத்தோடு கலந்து கேப்பிலரியில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில்) அடைத்து உருக்கிப் பார்க்க வேண்டும். அது யூரியாவாக இருந்தால் 133-க்கு வெகு முன்பே இளகிவிடும்.

பக்கங்கள் மிக நீளம். போனில் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். பொருளடக்கத்தைத் தட்டி நேராகப் பண்புகளுக்குப் போவது நல்லது. ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலைக்கு நான் அமெரிக்காவின் நிஸ்ட் வெப்புக் தளத்தையும், என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) நிறமாலைக்கு ஜப்பானின் எஸ்டிபிஎஸ் தளத்தையும் திறக்கச் சொல்கிறேன். இரண்டும் இலவசம்தான்.