தொங்கும் கேரட்டா, உருளும் கேனா?

காரைக்குடிப் பக்கத்து அய்யனார் கோயில் மண்குதிரைகள் நாளெல்லாம் அசையாமல் நிற்கும். உயிருள்ள குதிரையால் அது முடியாது. மேய்ச்சலில் நாளுக்கு 16 மணி நேரம் வரை தின்னும் விலங்கு, லாயத்தில் சும்மா நின்றால் மரச்சட்டத்தைக் கடிக்கத் தொடங்கிவிடும், பாவம்.

அதன் சலிப்பைப் போக்க, கேரட்டைக் கயிற்றில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுவது எளிது. ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்; கயிறு நீண்டால் காலில் சிக்கும்.

நான் கேனைத்தான் விரும்புகிறேன். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய் கேனை நன்றாகக் கழுவி, தீவனத்தைவிடச் சற்றே பெரிய துளைகள் போட்டு, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஊறவைத்த கொள்ளு நம் வெயிலில் உள்ளேயே புளித்துவிடும்; சிறு துண்டுகளாக அழுத்திய உலர்ந்த பெல்லட் தீவனமே சரி. குதிரை மூக்கால் உருட்டி உருட்டி, ஒவ்வொன்றாக உழைத்துத் தின்னும். கேனில் விரிசல் கண்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.