தோட்டப் பட்டணத்து ரயில் தடக் காட்சிக்கூடம்: வீடியோவை விட்டுவிட்டுப் பெரிய வரைபடத்தைக் கேளுங்கள்

மலேசியாவின் சிலாங்கூரில் செம்பனைக்கு நடுவே இருக்கும் நம் பட்டணத்தில், மாவட்ட மன்றக் கிளையின் கீழ்த்தளத்தில் ரயில் தடத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, ரயில் திட்டத்தை 3 மாதம் இப்படி வைக்கச் சொல்கிறது. ஆகவே இது யாரும் நமக்குச் செய்யும் உபகாரமல்ல. பார்த்துவிட்டுத் தலையாட்டி வருவதற்கான இடமும் அல்ல.

கூடம் சுத்தம், குளிர்சாதனம் உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் நிலைய மாதிரி அழகாக இருக்கிறது. வீடியோவில் ரயில் பறக்கிறது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் எங்கும் தெரியவில்லை. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் வரைபடத்தில் இருக்கிறது. சுவரில் மாட்டியிருப்பது 1:10,000 அளவு. அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 100 மீட்டர். 6 மீட்டர் அகலமுள்ள வரிசை வீடு அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தடத்தின் சிவப்புக் கோடே அதைவிடத் தடிப்பு. “என் வீடு படுமா?” என்று இந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால் எந்த அலுவலராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. மேசைக்குப் பின்னால் 1:1,000 தாள்கள் இருக்கின்றன, கேட்டால்தான் எடுப்பார்கள். நிலவரி ரசீதில் உள்ள லோட் (மனை) எண்ணைச் சொன்னால் அந்தத் தாளை விரிக்கிறார்கள். தடத்தின் ஓரமாக 12+400 என்பது போல எண்கள் ஓடும். தடம் தொடங்கும் இடத்திலிருந்து 12 கிலோமீட்டர் 400 மீட்டர் என்று பொருள். உங்கள் வீட்டுக்கு நேரே வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கருத்துப் பாரத்தில் எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான். “எங்களுக்கு இந்தத் திட்டம் வேண்டாம்” என்று எழுதினால் எதிர்ப்புக் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவே. “12+400இல் மண்மேடு வந்தால் லயத்துக்குப் பின்னால் ஓடும் பாரிட் (வடிகால்) அடைபடும், அங்கே தண்ணீர் போக மேட்டுக்கு அடியில் குழாய் எத்தனை, என்ன அகலம்?” என்று எழுதினால் வடிகால் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும். பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. தோட்டப் பட்டணத்தில் இது பெரிய குறை. தமிழ் பேசும் அலுவலர் சனிக்கிழமை மட்டும் வருகிறார்.

நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கூடம் ஓரளவு நன்றாகவே உதவுகிறது. 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் படிகளைத் தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். விசாரணைக்கு அழைக்கும் படிவமான போராங் ஈ வந்தால், குறைந்தது 21 நாள் இடைவெளி விட்டுத்தான் விசாரணை வைக்க முடியும். தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையை அதற்குள் தயார் செய்ய வேண்டும். இழப்பீட்டை அறிவிக்கும் போராங் எச் தரும் தொகை போதாது என்றால் ஆட்சேபப் படிவமான போராங் என் கொடுத்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். விசாரணைக்கு நேரில் போனவருக்கு இழப்பீட்டுத் தீர்ப்பு நாளிலிருந்து 6 வாரம்தான் அவகாசம், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பணத்தை எதிர்ப்புக் குறிப்போடு வாங்காமல் சும்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் அந்த வழி அடைபடும். தாளில் இது சின்ன எழுத்தில் இருக்கிறது.

லயத்து மக்களுக்குத்தான் இந்தக் கூடத்தில் பதிலே இல்லை. இழப்பீடு கேட்க உரிமையுள்ளவர் யார் என்று அதே சட்டம் வரையறுக்கும்போது, உரிமையாளர் நினைத்தால் எழுப்பிவிடக்கூடிய குடியிருப்பாளரை வெளியே வைத்துவிடுகிறது. தோட்டத்து வீட்டில் தலைமுறையாக இருந்தாலும் கிராண் (நிலப் பட்டா) கம்பெனி பெயரில்தான் இருக்கும். போராங் ஈ கம்பெனி விலாசத்துக்குப் போகும். லயத்துக்குச் சேதி வருவது கிராணி (தோட்டத்து எழுத்தர்) வாய்வழியாக, அதுவும் கடைசியில். ஆகவே அவர்கள் பெயரில் அரசாங்கக் கோப்பில் ஏறும் தாள் இந்தக் கருத்துப் பாரமாகத்தான் இருக்கும். ஒரு கூட்டு மனுவோடு நிறுத்தாமல் வீட்டுக்கு ஒரு பாரம் கொடுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ஆண்டு குடியிருப்பு, மாற்று வீடு எங்கே, அது யார் பெயரில் என்று எழுதுங்கள். கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தனித்தனியே கொடுக்க வேண்டும். கோயில் நிலமும் பள்ளி நிலமும் யார் பெயரில் என்பதை முதலில் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

“மக்கள் ஏற்பு” என்று பதாகையில் போட்டிருக்கிறார்கள். நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுந்த இடத்திலிருந்த பிராங் புசார், மெடிங்லி, செட்ஜ்லி, கேலவே தோட்டத்து மக்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனதும், அங்கே சுவர் வெடித்ததும், சொந்த வீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்ததும் தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரியும். பதாகையால் அதை மறக்கடிக்க முடியாது. நேரத்தோடு, குறிப்பாக எதிர்த்தால் வடிவம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு: சுங்கை பூலோ–காஜாங் எம்.ஆர்.டி நகர ரயில் தடத்தில் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் கடைவீடுகளை விட்டுவைத்து அடியில் சுரங்கம் போனது.

கட்டுமானக் காலம் பற்றிய பலகை ஒன்றுதான். நம் பக்கம் களிமண். மண்மேடு போட்டால் பக்கத்துத் தரையும் இறங்கும், தரையில் அடித்து இறக்கும் பைல் தூண் என்றால் அதிர்வு வேறு. வேலை தொடங்குமுன் எடுக்கும் வீட்டு நிலை ஆய்வின் நகல் நமக்கும் உண்டா என்று கேட்டால் “கட்டுமானக் குத்தகையாளர் பார்ப்பார்” என்கிறார்கள். நீங்களே பாருங்கள்: இருக்கும் விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி, அளவுகோல் வைத்துப் படம். இது இல்லாவிட்டால் பிறகு வரும் விரிசலெல்லாம் பழசு என்றே முடிப்பார்கள்.

மதிப்பெண்: 10க்கு 5. அந்த ஐந்தும் 1:1,000 தாளுக்கும் அதைச் சலிக்காமல் விரித்துக் காட்டும் முகப்பு ஊழியர்களுக்கும். போகும்போது நிலவரி ரசீது, அடையாள அட்டை, பாரத்தின் இரண்டு பிரதி. இரண்டாவது பிரதியில் தேதியோடு சாப்பு (முத்திரை) வாங்காமல் வெளியே வராதீர்கள்.